நெல்லிலையைத் துளைக்கும் குமிழ்

நெல்லிலையில் இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் பூத்த கண் வடிவப் புள்ளிகள் தெரிந்தால் அது குலை நோய். கதிரின் கழுத்தில் இறங்கினால் கழுத்து கறுத்து ஒடியும், மிஞ்சுவது பதர்தான். இத்தனைக்கும் காரணம் பிரிக்குலேரியா என்ற பூஞ்சை. அது இலைக்குள் நுழையும் விதம் அசரவைப்பது.

காற்றில் வந்து விழும் பூஞ்சை வித்து ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு நீளம்கூட இராது. தண்ணீரே நிற்காமல் உருண்டோடும் மெழுகு இலையில், பனி ஈரம் பட்டதும் நுனியில் பசை கசிந்து ஒட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் முளைக்குழாய் நீண்டு, அதன் முனை உருண்டையாக வீங்குகிறது. இந்தத் துளைக்கருவிக்கு ஒட்டுக்குமிழ் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

குமிழின் சுவரில் நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் மெலனினின் இன்னொரு வகை பூசப்பட்டிருக்கிறது. உள்ளே கிளிசரால் சேரச் சேர வெளியிலிருந்து நீர் புகும். மெலனின் பூச்சு நீரை விடும். கிளிசராலை வெளியே விடாது. அழுத்தம் ஏறி ஏறிக் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கைத் தொடுகிறது. கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு! அந்த விசையில் அடியிலிருந்து ஒரு மெல்லிய முளை இலைத்தோலைக் குத்தித் திறக்கிறது. ஆய்வகத்தில் இது பிளாஸ்டிக் தாளையே துளைத்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் டிரைசைக்ளசோல் மருந்தின் சூட்சுமம் விளங்கும். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. மெலனின் உண்டாவதை மட்டும் தடுக்கிறது. கிளிசரால் ஒழுகிவிட, குமிழ் இலைமேல் உட்கார்ந்தபடியே செயலற்றுப்போகிறது. அதனால்தான் பூஞ்சை உள்ளே போகுமுன் தெளிக்க வேண்டும். கழுத்துக் குலைக்குக் கதிர் வெளிவரும் தறுவாயே சரியான நேரம்.

மருந்து இந்தப் போரில் ஒரு கை மட்டுமே. நெல் தானே மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலைத்தோலுக்கடியில் படலமாகப் படியவைக்கிறது. காய்ந்த பயிரின் எடையில் பத்தில் ஒரு பங்குவரை அது இருக்கக்கூடும். அளவுக்கு மீறி யூரியா போட்டால் இலை கருகருவென்று தழைக்கும். நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். பிரித்துப் பிரித்து இடச் சொல்வது இதனால்தான். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தால், வேரில் குடியேறும் அந்த பாக்டீரியா இலைவரை பயிரின் தற்காப்பை உசுப்பிவிடுகிறது.

எதிர்ப்புத் திறனுள்ள ரகமோ சில ஆண்டுகளில் தோற்றுவிடுவதுண்டு. பூஞ்சை அவ்வளவு வேகமாக மாறுகிறது. அதற்கும் சீனத்தின் யுன்னானில் வழி கண்டார்கள். 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில், நோய் தாங்கும் வீரிய ஒட்டு ரக வரிசைகளுக்கு நடுவே, எளிதில் நோய் பிடிக்கும் உயரமான பாரம்பரிய ரகத்தை நட்டார்கள். அந்த ரகத்தில் குலை நோய் 94 சதவீதம் குறைந்தது. பறக்கும் வித்துகளில் பெரும்பகுதி தாங்கும் பயிரில் விழுந்து வீணானது. உயர்ந்து நின்ற கதிர்களில் வெயிலும் காற்றும் பட்டு ஈரம் சீக்கிரம் உலர்ந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த விவசாயிகள் பூஞ்சை மருந்து தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.