அபிப்பிராயம் எழுதும் பெட்டிக்கு என்ன வசதி கேட்பது?

மக்களின் அபிப்பிராயங்களையும் முறைப்பாடுகளையும் பல நிறுவனங்கள் இப்போது இணையப் படிவத்தில்தான் கேட்கின்றன. படிவத்தின் கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி இருக்கும். பந்தி பிரித்து, இலக்கமிட்டு நாம் எழுதியது சில வேளை மறுமுனையில் ஒரே கட்டியாகப் போய்ச் சேர்கிறது. அதை எத்தனை உத்தியோகத்தர்கள் கடைசி வரை வாசிப்பார்கள்? வசதி கேட்பது நியாயமே. ஆனால் எந்த வசதி?

பலர் முதலில் கேட்பது தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, நிறம் ஆகியவற்றைத்தான். இவை ஆங்கில எழுத்தோடு வளர்ந்த பழக்கங்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வுக்கென்று தனி வடிவமே இல்லை. மென்பொருள் எழுத்தைச் சும்மா சரித்துவிடுகிறது. அடிக்கோடு ‘து’, ‘ழு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியை வெட்டிச் செல்லும். தடித்த எழுத்து பரவாயில்லை, ஆனால் சிறிய அளவில் ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். நிறம் தேவையே இல்லை என்பது எனது கருத்து.

நாம் வற்புறுத்த வேண்டியது வேறு. பந்தி இடைவெளி, இலக்கமிட்ட வரிசை, மேற்கோளைத் தனியே உள்தள்ளிக் காட்டும் வசதி ஆகிய மூன்றும்தான். இவற்றில் மேற்கோள் வசதியே மிக முக்கியம். அல்குர்ஆன் வசனத்தின் தமிழாக்கத்தையோ ஹதீஸையோ எடுத்தெழுதி, அதன் கீழ் நமது விளக்கத்தைச் சேர்க்கிறோம். எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டால் வசனம் எங்கே முடிகிறது, எழுதியவரின் சொந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒருவருடைய அபிப்பிராயம் மார்க்கத்தின் கூற்றாக வாசிக்கப்பட்டுவிடும்.

சட்டம் பற்றி எழுதும்போதும் இதே சிக்கல்தான். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஒரு பிரிவுக்குத் திருத்தம் சொல்பவர், எந்தச் சொற்களை நீக்க வேண்டும், எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று காட்டியாக வேண்டும். அதற்கு எழுத்தின் நடுவே கோடிடும் வசதி உதவும். அது இல்லாத இடத்தில் “இச்சொற்களை நீக்கி, இவற்றைச் சேர்க்கவும்” என்று விபரமாகவே எழுதிவிடலாம்.

அரபு எழுத்து சேரும்போது இன்னொரு தொல்லை. தமிழ் இடமிருந்து வலமாகவும் அரபு வலமிருந்து இடமாகவும் ஓடுவதால், அரபு வாசகத்தின் பின்னால் 2:255 என்று இலக்கமிட்டால் அது திரையில் வாசகத்தின் இடப்பக்கத்துக்குத் தாவிவிடும். இது பிழையல்ல, யுனிகோட் திசை விதி அப்படி. அரபு வாசகத்தைத் தனி வரியில் வைத்து, இலக்கத்தைத் தமிழ் வரியில் எழுதினால் தீர்ந்தது. அதற்கும் வரி பிரிக்கும் வசதி வேண்டும்.

எழுத்துருத் தெரிவு வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. பாமினியில் தட்டச்சிட்டது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் வரைந்த தமிழ். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பின்னரே பெட்டியில் ஒட்ட வேண்டும்.

நிறுவனங்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. வடிவமைப்புக் குறியீடுகளை வடிகட்டாமல் ஏற்றுக்கொண்டால், அவற்றோடு தீங்கான நிரலும் உள்ளே நுழையலாம். ஆகையால் “எல்லா வசதியும் தாருங்கள்” என்று கேட்டால் மறுப்புத்தான் வரும். 2004இல் வெளிவந்த மார்க்டவுன் போன்ற எளிய குறிகளை, அதிலும் மேலே சொன்ன சிலவற்றை மட்டும் அனுமதிக்கும்படி கேளுங்கள். வட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டுத் தடிப்பாக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. உங்கள் எழுத்து கட்டியாகிப் போன ஒரு திரைப்படத்தையும் கோரிக்கையோடு இணையுங்கள். தமிழ் தெரியாத தொழில்நுட்பவியலாளருக்கும் விடயம் விளங்கும். அரச அலுவலகமாயின், தமிழில் தொடர்பாடும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

வசதி வரும் வரை ஒவ்வொரு விடயத்தையும் “முதலாவது”, “இரண்டாவது” என்று சொல்லாலேயே தொடங்குங்கள். மேற்கோளின் முன்னால் “மேற்கோள் ஆரம்பம்” என்றும் பின்னால் “மேற்கோள் முடிவு” என்றும் எழுதிவிடுங்கள். எந்தப் பெட்டியாலும் அதை அழிக்க முடியாது.