எல்லாமே ‘சர்ச்சைக்குரிய’ அல்ல

நாளிதழ் ஒன்றில் 18 ஆண்டுகளாக இரவுப் பணி. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. சேர்ந்த புதிதில், ‘டிஸ்பியூட்டட் லேண்ட்’ என்று வந்ததைச் ‘சர்ச்சைக்குரிய நிலம்’ என எழுதிவிட்டேன். மறுநாள் நிலத்துக்காரர் போன் செய்தார். “எங்க நிலத்துல என்ன சார் சர்ச்சை? அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை, கோர்ட்டுல கேஸ் நடக்குது. நீங்க எழுதினதப் பாத்துட்டு ஊரே என்னமோ ஏதோன்னு கேக்குது.”

அவர் சொன்னதே சரி. ஒரு பொருளை இருவர் ‘எனது’ என்றாலோ, ஒருவர் சொன்ன தகவலை இன்னொருவர் மறுத்தாலோ அது டிஸ்பியூட்டட். கோர்ட் தமிழில் இதற்குத் ‘தாவா’ என்ற சொல் இருக்கிறது: தாவா நிலம், தாவா சொத்து.

‘கான்ட்ரவர்ஷியல்’தான் சர்ச்சைக்குரியது. பலர் கட்சி கட்டிக்கொண்டு பகிரங்கமாக மோத வேண்டும். ஒரு சினிமா, ஒரு மேடைப் பேச்சு அப்படி ஆகலாம்.

‘டிபேட்டபிள்’ என்பதில் இன்று அந்தச் சூடு இல்லை. ‘அப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா?’ என்ற தயக்கம் மட்டுமே. ஆனால் ஒரு காலத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் உரிமை கோரிய எல்லைப் பகுதிக்கு ‘டிபேட்டபிள் லேண்ட்’ என்றே பெயர். 1552-இல்தான் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

‘கன்டென்ஷியஸ்’ சண்டையை மூட்டக்கூடியது. மனிதரைச் சொல்லும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். கான்ட்ரவர்ஷியல் மனிதரைப் பற்றி ஊர் சண்டை போடும். கன்டென்ஷியஸ் மனிதர் ஊரோடு சண்டை போடுவார். முன்னவர் சாதுவாகவும் இருக்கலாம். தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திலோ இதே சொல் வெறும் வகைப்பெயர். நாட்டுக்கு நாடு தொடுக்கும் வழக்கு கன்டென்ஷியஸ், ஐ.நா. அமைப்புகள் கேட்டுப் பெறும் ஆலோசனைக் கருத்து வேறு வகை.

அதிகம் ஏமாற்றுவது ‘மூட்’. பிரிட்டிஷ் வழக்கில் ‘இன்னும் வாதிட இடமுண்டு’ என்று பொருள். அமெரிக்க வழக்கில் ‘இனி வாதிட்டுப் பயனில்லை’. சட்டக் கல்லூரிகளின் ‘மூட் கோர்ட்’ வாதிடுதல் என்ற பழைய பொருளில் வந்தது. செய்தி எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் இச்சொல்லைத் தொடக் கூடாது.

மொழிபெயர்க்க வரும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ‘சர்ச்சைக்குரிய’ என்று எழுதுமுன் யாருக்கும் யாருக்கும் இடையே, எதைப் பற்றி என்று கேளுங்கள். பதிலில் வருவது இருவரின் வழக்கு மட்டும் என்றால், அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.