கொடுவா மீன்குஞ்சு வளர்ப்பில் மறுசுழற்சி நீர்

கொடுவா, கடலிலும் உவர்நீரிலும் வளரும், நல்ல விலை போகும் மீன். இதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ஆம் ஆண்டில் நாட்டிலேயே முதன்முறையாக உருவாக்கியது. முட்டை பெறுவதைவிட, பொரித்த குஞ்சுகளை முதல் மூன்று வாரங்கள் காப்பாற்றுவதே கடினம். மழையாலும் கழிவாலும் கடல்நீரின் தரம் மாறும் இடங்களில், ஒரே நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் மறுசுழற்சி முறை கைகொடுக்கும்.

வடிகட்டி தயாரித்தல்

குஞ்சுகளின் கழிவிலிருந்தும் மீந்த இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. உயிர் வடிகட்டியில் தங்கும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கடல்நீரில் இவை பெருக 4 முதல் 8 வாரங்கள் ஆகும். ஆகவே முட்டை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே வடிகட்டியில் நீரை ஓடவிட்டு, சிறிதளவு அம்மோனியம் குளோரைடு இட்டு வர வேண்டும். இட்ட அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் காணப்படாவிட்டால் வடிகட்டி தயார். அவசரப்பட்டுக் குஞ்சுகளை விட்டால் தொட்டி முழுவதும் ஓரிரு நாளில் அழியக்கூடும்.

நீரோட்டம்

நீரின் உப்புத்தன்மை ஆயிரத்திற்கு 28 முதல் 32 பங்கும், வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸும் இருப்பது நல்லது. தொடக்கத்தில் குஞ்சின் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டரே. வேகமான ஓட்டம் அதை வெளியேற்றும் வலையில் ஒட்டவைத்துக் கொன்றுவிடும். எனவே முதல் வாரம் நீரை மெதுவாக ஓடவிட்டு, குஞ்சு வளர வளர ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். வலையை நாள்தோறும் கழுவுதல் அவசியம்.

இரையும் எண்ணெய்ப் படலமும்

மூன்றாம் நாளில் கருவுணவு தீர்ந்துவிடும். அதற்குள் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் இரை தொட்டியில் இருக்க வேண்டும். சுமார் பத்தாம் நாள் முதல் ஆர்டிமியா குஞ்சுகளைச் சேர்க்கலாம். ஓட்டத்தில் ரோட்டிஃபர் அடித்துச் செல்லப்படும் என்பதால், இரையிடும் நேரத்தில் நீரை நிறுத்தி வைக்கலாம்.

சத்தூட்டத்திற்காக எண்ணெய் கலவையில் வைத்த ரோட்டிஃபரை நன்கு அலசியபின்பே இட வேண்டும். இல்லையேல் நீர்ப்பரப்பில் படலம் படியும். குஞ்சுகள் மேலே வந்து காற்றை விழுங்கித்தான் காற்றுப்பையை நிரப்புகின்றன. படலம் தடுத்தால் காற்றுப்பை நிரம்பாமல், முதுகெலும்பு வளைந்து குஞ்சுகள் வீணாகும். படலத்தை அவ்வப்போது வழித்தெடுப்பது நலம்.

தரம் பிரித்தல்

மூன்றாம் வாரத்தில் பெரிய குஞ்சுகள் சிறியவற்றை விழுங்கத் தொடங்கும். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை அளவு வாரியாகப் பிரித்து விட வேண்டும்.

அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றை நாள்தோறும் அளந்து எழுதி வருவது, குஞ்சுகள் சோர்வதற்கு முன்பே குறையைக் காட்டிக் கொடுக்கும். மின்தடை ஏற்பட்டால் காற்றூட்டம் நிற்காதிருக்க ஜெனரேட்டரும் தயாராக இருக்க வேண்டும்.