டர்போ பூட்டுவதற்கு முன் ஒரு கணக்கு: செலவு எவ்வளவு, என்ஜின் எவ்வளவு காலம் தாங்கும்?

சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, டர்போ ஒன்று பூட்ட எவ்வளவு முடியும்?" பூட்டிய பிறகு அந்த என்ஜின் எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து.

இலங்கையில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறியது. இன்று பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து அவர்களது கார்தான். அதன் என்ஜின் உடைந்தால் அதே என்ஜினைத் தேடிப் பிடிப்பதற்கே மாதக்கணக்கில் அலைய நேரிடலாம்.

டர்போ செய்வது என்ன?

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேல் சுழலும். கூடுதல் காற்றோடு கூடுதல் பெற்றோலும் எரிவதால் வலு கூடுகிறது.

கடல்மட்டத்தில் வளியமுக்கம் சுமார் 1 பார். டர்போ அதற்கு மேல் 0.5 பார் கூட்டினால், கணக்குப்படி ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போகவேண்டும். ஆனால் அமுக்கப்படும் காற்று சூடாகிறது. கொழும்பின் 30 பாகை செல்சியஸ் காற்றை இந்த அளவுக்கு அமுக்கினால் அதன் வெப்பநிலை 80 பாகையைத் தொட்டுவிடும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் எதிர்பார்த்த வலு முழுமையாகக் கிடைக்காது. அந்தச் சூட்டைத் தணிப்பதற்குத்தான் இன்டர்கூலர் வைக்கிறார்கள்.

தயாரிப்பாளர்கள் எப்படிச் செய்தார்கள்?

கார் நிறுவனங்களே டர்போவை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது நல்ல பாடம்.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஆகிய இரட்டைக் கார்களின் முதல் தலைமுறையில் 2.0 லீற்றர் என்ஜின் இருந்தது. அதன் கொம்பிரஷன் விகிதம் 12.5:1. டர்போ இல்லாமல் சுமார் 200 குதிரைவலு தந்தது. சுபாரு அதே என்ஜின் குடும்பத்தை டர்போவுடன் டபிள்யூஆர்எக்ஸ் காரில் வைத்தபோது, கொம்பிரஷன் விகிதத்தை 10.6:1 ஆகக் குறைத்தது. வலு 268 குதிரைவலு ஆனது. அதாவது அங்கே டர்போவுக்கு ஏற்றபடி என்ஜினே மாற்றி வடிவமைக்கப்பட்டது. நாம் 12.5:1 என்ஜினில் டர்போவை மாட்டும்போது அந்தப் படியைத் தாண்டிப் போகிறோம்.

86இன் வலு போதாது என்ற குறை நீண்டகாலம் இருந்தது. இரண்டாம் தலைமுறையிலும் டர்போ வரவில்லை. 2.4 லீற்றர் என்ஜினை வைத்தே சுமார் 230 குதிரைவலுவை எட்டினார்கள்.

மஸ்டா எம்எக்ஸ்-5 இன்னொரு உதாரணம். 2004இல் மஸ்டாஸ்பீட் என்ற பெயரில் அதன் டர்போ வகை வந்தது. சாதாரண 142 குதிரைவலு 178 ஆக உயர்ந்தது. கூடியது வெறும் 36. அதற்கே இன்டர்கூலர் சேர்த்து, கிளட்சையும் சக்தியைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டுகளையும் பலப்படுத்தினார்கள். கிட் விற்பவர்கள் 80, 100 குதிரைவலு கூடும் என்று சொல்லும்போது இந்த 36ஐ நினைவில் வைத்திருப்பது நல்லது.

பணம் எங்கே போகிறது?

பெயர்பெற்ற முழுமையான கிட் ஒன்று வெளிநாட்டுச் சந்தையில் 4,000 டொலருக்குக் கீழே கிடைப்பது அரிது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 12 இலட்சம். கப்பல் செலவும் வரியும் இதில் சேரவில்லை. மலிவான டர்போக்கள் சில நூறு டொலருக்கும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் பெயரிங் தேய்ந்தால் ஒயில் கசியும். சக்கரம் உடைந்தால் அதன் துண்டுகள் என்ஜினுக்குள்ளேயே போகக்கூடும்.

கிட் வந்த பிறகுதான் மற்றச் செலவுகள் தொடங்குகின்றன. பழைய கிளட்ச் புதிய முறுக்குவிசையைத் தாங்காமல் வழுக்கும். பெரிய இன்ஜெக்டர்கள், பெற்றோல் பம்ப், என்ஜின் கணினி ஆகியவை கிட்டில் இல்லையென்றால் தனியாக வாங்கவேண்டும். பழைய ரேடியேட்டரை மாற்றவேண்டி வரும். கடைசியாக, டைனோ இயந்திரத்தில் வைத்து டியூனிங் செய்யவேண்டும். இவற்றுக்கெல்லாம் கிட்டின் விலையில் பாதியாவது போகும் என்று நான் கணக்கிடுவேன்.

காருக்குக் காரும் வேறுபடும். 1.6 லீற்றர் என்ஜின் கொண்ட முதல் எம்எக்ஸ்-5 கார்களில் பின்பக்க டிஃபரென்ஷியல் சிறியது. டர்போ பூட்டியவர்கள் அதை உடைத்த கதைகள் ஏராளம். 1994 மாதிரியிலிருந்து வந்த 1.8 லீற்றர் கார்களில் அது பெரிதாக்கப்பட்டது. எனவே 1.6 கார் வைத்திருப்பவர் அதன் விலையையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

என்ஜின் ஏன் உடைகிறது?

பெரும்பாலும் உடைவதற்குக் காரணம் டர்போ அல்ல, நொக்கிங்தான். பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேர்வதற்குள், மிச்சமுள்ள பெற்றோல் கலவை சூட்டாலும் அமுக்கத்தாலும் தானாகவே வெடிப்பதுதான் நொக்கிங். அது நீடித்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்புகள் உடையும். பெற்றோல் குறைந்த கலவை, பிழையான பற்றவைப்பு நேரம், குறைந்த ஒக்டேன், சூடான காற்று ஆகியவை எல்லாம் அதை வரவழைக்கும்.

இரண்டாவது காரணம் முறுக்குவிசை. குறைந்த வேகச் சுற்றிலேயே அமுக்கத்தை முழுமையாக ஏற்றினால் கொனெக்டிங் ரொட் வளையும். இரண்டு கார்களும் ஒரே குதிரைவலுவைக் காட்டினாலும், அதை மெதுவாக ஏற்றும் டியூனிங்கே என்ஜினைக் காப்பாற்றும்.

அடுத்தது சூடு. டர்போவுக்குள் போகும் புகை 900 பாகை வரை சூடாகும். அதனால் டர்போவைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் தளரும், மெனிஃபோல்ட் வெடிக்கும், அருகிலுள்ள இறப்பர் குழாய்கள் காய்ந்து போகும். ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதும், வேகமாக ஓடிய பின் உடனே நிறுத்தாமல் சற்று நேரம் மெதுவாக ஓட்டுவதும் இங்கே கட்டாயம்.

இவற்றைக் கவனித்து, அமுக்கத்தைக் குறைவாக வைத்து, நன்றாக டியூனிங் செய்த எம்எக்ஸ்-5 கார்கள் பல ஆண்டுகள் ஓடுகின்றன. டர்போ பூட்டினாலே என்ஜின் போய்விடும் என்பதும் சரியல்ல.

நமது சூழல்

இங்கே பரவலாகக் கிடைப்பவை 92, 95 ஒக்டேன் பெற்றோல். டர்போ பூட்டிய காருக்கு 95 தவிர வேறு தெரிவில்லை. டியூனிங்கும் அந்தப் பெற்றோலில்தான் செய்யப்படவேண்டும். வெளிநாட்டில் 98 ஒக்டேனுக்கு எழுதிய மென்பொருளை அப்படியே ஏற்றுவது நொக்கிங்கை விலைகொடுத்து வாங்குவதாகும். காலி வீதி நெரிசலில் இன்டர்கூலருக்குப் போதிய காற்றோட்டமும் கிடைக்காது. அதிவேகப் பாதையில்கூட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர்தான். கூடும் வலுவை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்பதையும் யோசிக்கவேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்காமல் மாற்றம் செய்தால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படக்கூடும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணத்தை மூன்று பங்காக நினையுங்கள். ஒன்று கிட்டுக்கு, ஒன்று கிளட்ச் முதல் டியூனிங் வரையான மற்றவற்றுக்கு, ஒன்று என்ஜின் போனால் மாற்றுவதற்கு. மூன்றாவது பங்கு கையில் இல்லையென்றால் முதலாவதைச் செலவழிக்க வேண்டாம். மூன்றும் இருந்தால், கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கராஜில் கொம்பிரஷன் சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினால், அந்தப் பணம் முதலில் என்ஜின் திருத்தத்துக்குத்தான் போகவேண்டும். வேலைக்குப் போக வீட்டில் இருப்பது அந்த ஒரு கார் மட்டும்தான் என்றால், நல்ல ரயர்களும் பிரேக்கும் போட்டு அப்படியே ஓட்டுங்கள்.