யார் இந்தப் போக்கிமான்?

குழந்தைகள் தொடர் எடுப்பவர்களுக்கு விளம்பர இடைவேளை ஒரு பழைய தலைவலி. படம் நின்றதும் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஜப்பானியத் தொடர்களில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் சில நொடிகள் மட்டும் ஓடும் துண்டுப்படம் ஒன்று உண்டு, ஐகேட்ச் என்பார்கள். பல தொடர்களில் அது தலைப்பைக் காட்டிவிட்டுப் போய்விடும். 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் தொடங்கிய போக்கிமான் தொடர், அதையே விடுகதையாக்கியது. 1998 செப்டம்பரில் தொடர் அமெரிக்காவுக்குப் போனபோது, ஃபோர்கிட்ஸ் நிறுவனம் கதாபாத்திரங்களின் பெயர்களைக்கூட மாற்றியது, விடுகதையை விட்டுவைத்தது.

விடுகதை செய்யும் முறை எளிது. முதலில் ஒரு போக்கிமானை, அதாவது தொடரில் வரும் கற்பனை உயிரினங்களில் ஒன்றை, தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் அன்றைய கதையில் தலைகாட்டும் ஒன்றுதான். கவனித்துப் பார்த்த பிள்ளைக்குத் துப்பு கையிலேயே இருக்கும். அடுத்து அதன் படத்தில் நிறம், கண், வாய் எல்லாவற்றையும் ஒரே அடர்நிறத்தால் மூட வேண்டும். மிஞ்சும் நிழலுருவைப் பளிச்சென்ற பின்னணியில் நிறுத்தி, ‘இது யார்?’ என்று ஒரு குரலைக் கேட்கவிட்டு விளம்பரத்துக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நிறத்தோடு படம், பெயர். அவ்வளவே.

சாமர்த்தியம் முழுக்க அந்த மூடும் வேலையில் இருக்கிறது. பிகாச்சுவை எவ்வளவு கருப்படித்தாலும் மின்னல் வடிவ வால் காட்டிக்கொடுத்துவிடும். சார்மாண்டருக்கு வால் நுனித் தீ. வோல்டார்பிடம் வந்தால் கதை வேறு. அது ஒரு பந்து. அது வளர்ந்து மாறும் எலக்ட்ரோடும் பந்துதான். ஒன்றில் சிவப்பு மேலே, மற்றதில் கீழே; முகத்தில் சிறு மாற்றம். கருப்படித்தால் இந்த இரண்டு வேறுபாடுகளும் காணாமல் போகும். எலக்ட்ரோட் பெரியது என்ற துப்பும் உதவாது, திரையில் எலியும் யானையும் ஒரே அளவில் நிற்கின்றனவே!

இந்தப் பலவீனத்தை வைத்தே தொடர் ஒரு குறும்பும் செய்தது. வட்டமான நிழலுரு ஒன்றைக் காட்டினார்கள். பிள்ளைகள் வோல்டார்ப் என்றிருப்பார்கள், எலக்ட்ரோட் என்றிருப்பார்கள். விடை: மேலிருந்து பார்த்த ஜிக்லிபஃப்! அநியாயம்தான். ஆனால் உருவத்தை மாற்றாமல், பார்க்கும் கோணத்தை மட்டும் மாற்றிப் புதுக் கேள்வி செய்ய முடியும் என்று காட்டிய அநியாயம். இந்தப் பகுதியில் வந்தவற்றில் என் ஓட்டு அதற்கே.

தொடருக்கு மூலமான வீடியோ விளையாட்டுகளில், 1996இல் வந்த முதல் விளையாட்டுகளில் 151 போக்கிமான்கள். 1999இல் 251, 2002இல் 386. கூட்டம் பெருகப் பெருக, நிழலுருவில் எங்கே பார்ப்பது என்பதும் மாறியது. பிளஸில், மைனன் இரண்டும் உடன்பிறப்புகள் போலிருக்கும். வாலில் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்றே பிரித்தறிய வேண்டும். 2006இல் பெண் பிகாச்சுவின் வால் நுனியில் இதய வடிவ வெட்டு வந்தது. ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு வெளிக்கோடுகள்.

அதே 2006இல் அமெரிக்காவில் தொடர் கைமாறியது. குரல் கொடுத்தவர்கள் மாறினார்கள், விடுகதையும் போயிற்று. அந்த இடத்தில் வந்தது ‘டிரெய்னர்ஸ் சாய்ஸ்’: இன்ன போக்கிமானை எதிர்கொள்ள இந்த மூன்றில் எது சரி என்பதுபோன்ற கேள்விகள். பார்த்துச் சொல்ல வேண்டியது போய், படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. விளையாட்டின் விதிகள் அறிந்த அண்ணன் பதில் சொல்வான்; நான்கு வயதுத் தங்கை என்ன செய்வாள்? அடுத்த ஆண்டு டைமண்ட் அண்ட் பேர்ல் பருவத்தில் நிழலுரு திரும்பி வந்தது.

விளம்பரம் இல்லாத தளங்களில் இப்போது பார்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். கேள்வி முடிந்த கையோடு விடை வந்துவிடும், யோசிக்க நேரமில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பவர், நிழலுரு வந்தவுடன் ரிமோட்டில் பாஸ் பொத்தானை அழுத்திவிடுவது நல்லது.