தொலைக்காட்சி நகைச்சுவையில் சண்டைக் குடும்பம்

ஒத்துப்போகாத குடும்பத்தினரின் வாய்ச்சண்டையைக் காட்டிச் சிரிக்க வைப்பது தொலைக்காட்சி நகைச்சுவையின் பழைய வகைகளுள் ஒன்று. மாமியார் மருமகள், கணவன் மனைவி, தாய் மகள் ஆகியோர் இதன் நிலையான பாத்திரங்கள்.

அமைப்பு

இதற்குப் பெரிய கதை தேவையில்லை. ஒரு கூடம், நான்கு பேர், ஓர் அற்பக் காரணம் போதும். காபியில் சர்க்கரை குறைந்தது என்று பேச்சு தொடங்கும். "உங்க தங்கச்சி வந்தா மட்டும் இனிக்குதாக்கும்" என்று மருமகள் சொன்னதும் பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வரும். சண்டை படிப்படியாக ஏறும்; முடிவில் எதுவும் தீராது. மறுவாரம் அதே கூடத்தில் அதே ஆட்கள் மீண்டும் மோதுவார்கள். ஒவ்வொருவரின் குணமும் முன்பே தெரிந்திருப்பதால், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எதிர்பார்ப்பதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

அமெரிக்க முன்மாதிரி

சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1967 முதல் 1978 வரை ஒளிபரப்பான 'கரோல் பர்னெட் ஷோ' நிகழ்ச்சியில், 1974 முதல் 'தி ஃபேமிலி' என்ற குறுநாடகங்கள் இடம்பெற்றன. மகள் யூனிஸாக கரோல் பர்னெட்டும், தாயாக அவரைவிடச் சுமார் 16 வயது இளையவரான விக்கி லாரன்ஸும் நடித்தனர். ஒரு நாடகத்தில் 'சாரி' என்ற பலகை விளையாட்டை ஆட உட்காரும் குடும்பம் பெரும் சண்டையில் போய் முடியும். குடிப்பழக்கம் கொண்ட பெற்றோருக்குப் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர் பர்னெட். யூனிஸின் கோபத்துக்குள் இருக்கும் ஏமாற்றத்தையும் அவர் நடிப்பில் காட்டினார்.

தமிழில்

தமிழில் இவ்வகை பெரும்பாலும் தொடர் வடிவில் வந்தது. நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரில் கணவன், மனைவி இருவருக்குமே பெயர் ரமணி. இருவரும் சரிசமமாக மோதுவார்கள். தோற்பதும் மாறி மாறி நடக்கும். சன் தொலைக்காட்சியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' மாமியார் மருமகள் போட்டியை எடுத்துக்கொண்டது. அதில் எம்.எஸ். பாஸ்கர் ஏற்ற பட்டாபி பாத்திரம் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

கூத்து மேடை

சேலம், நாமக்கல் பகுதி மக்களுக்கு இச்சிரிப்பு தொலைக்காட்சியால் வந்ததன்று. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், புராணக் கதைக்கு நடுவே கோமாளி புகுந்து ஊர்க் குடும்பங்களின் பிணக்குகளைக் கேலி செய்வார். பெண் வேடம் கட்டிய ஆணும் கோமாளியும் வாயாடும்போது கூட்டம் விழித்துக்கொள்ளும்.

யார் கேலிக்கு ஆளாகிறார்

இந்த நகைச்சுவையை எடைபோடும்போது, சிரிப்பின் சுமை யார் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். பூரிக்கட்டைக்கு அஞ்சும் கணவன், வரதட்சணை கேட்கும் மாமியார், பெண்ணாகவே பெறும் மருமகள் ஆகியோரை வைத்துச் சொல்லப்படும் துணுக்குகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. முதலாவதில் வீட்டில் அதிகாரம் உள்ளவர் கேலிக்கு ஆளாகிறார். இரண்டாவது, பேராசையைக் கேலி செய்தால் நல்லது. கேட்பது இயல்பு என்று காட்டினால் தீது. மூன்றாவதில் ஏற்கெனவே அடிபட்டவரே மீண்டும் அடிபடுகிறார்.

இம்மாவட்டங்களில் அது வெறும் வேடிக்கையாக இருந்ததில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது அதன் பகுதியாக இருந்தது. 1997இல் தனி மாவட்டமானது. "மறுபடியும் பொட்டப் புள்ளையா?" என்ற வசனத்துக்கு மேடையில் சிரிப்பு எழுந்தால், அதே கேள்வியை வீட்டில் கேட்டவள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

குடும்பச் சண்டையைச் சிரிப்பாக்கக் கூடாது என்பதில்லை. வீட்டுக்குள் பேச முடியாததை வெளியே பேச வைக்கும் வழிகளுள் சிரிப்பும் ஒன்று. நல்ல நாடகத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கும். ஒருத்தியை மட்டும் பொம்மையாக்கி அடிக்கும் நாடகம் சிரிப்பு மூட்டலாம். ஆனால் அக்குடும்பம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.