விமரிசகர் வெறுத்தார்; நாம் விரும்பினோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)



"உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது" என்பது நம் முன்னோர் வாக்கு. திரைப்படம் என்று வந்துவிட்டால் ஊருக்கு இரண்டு வாய்கள். ஒன்று படம் பார்த்தவரின் வாய். மற்றொன்று பத்திரிகையில் எழுதும் விமரிசகரின் வாய். இரண்டும் ஒன்றையே சொன்னால் தொல்லையில்லை. "அருமையான படம்" என்று நாம் சொல்ல, "பார்க்கத் தகாத படம்" என்று அவர் எழுதினால் யாரை நம்புவது? நம் ரசனை மட்டமானது என்று வெட்கப்பட வேண்டுமா? அவருக்கு ஒன்றும் தெரியாது என்று தள்ளிவிட வேண்டுமா? இக்கேள்வி எங்கள் வகுப்பில் ஒரு நாள் கண்ணீரோடு எழுந்தது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

வகுப்பில் நடந்தது

எங்களுள் பாதிப் பேர் ராஜபாளையத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தவர்கள். ஒரு நாள் தமிழ் வகுப்பில், "என்னைக் கவர்ந்த திரைப்படம்" என்ற தலைப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். முதலில் எழுந்தவள் "தி சவுண்ட் ஆஃப் மியூசிக்" படத்தைப் பற்றிப் பேசினாள். பள்ளி மண்டபத்தில் எங்களுக்குப் போட்டுக் காட்டிய படம் அது. எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்து எழுந்த தோழி, "கரகாட்டக்காரன்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின் வரிசையிலிருந்து "வாழைப்பழம்!" என்று ஒரு குரல் வந்தது. "அதெல்லாம் ஒரு படமா? கதையே இல்லாத படம்" என்றாள் மற்றொருத்தி. தோழி தன் கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அன்று மதியம் அவள் எங்களோடு சாப்பிட வரவில்லை.

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. "நீங்கள் கைதட்டினீர்களே, அந்தப் படம் வெளிவந்தபோது அதைப் பற்றி என்ன எழுதினார்கள் தெரியுமா? தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். நாங்களும் தேடினோம், பெரியவர்களைக் கேட்டோம். கிடைத்த செய்திகள் எங்கள் தலையைக் குனிய வைத்தன.

கன்னிமாடத்துக் கதைக்கு வந்த கண்டனம்

"தி சவுண்ட் ஆஃப் மியூசிக்" 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகரத்துக் கன்னிமாடத்தில் துறவியாகப் பயின்ற மரியா, ஏழு பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சென்று, பாட்டால் அவ்வீட்டை மலரச் செய்யும் கதை அது. நாம் கண் கலங்கிப் பார்த்தோம். ஆனால், அமெரிக்காவின் பெயர்பெற்ற விமரிசகர்கள் சிலர் அதைப் பிய்த்து எறிந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் இதழின் பாஸ்லி கிரவுதருக்கு அது பிடிக்கவில்லை. பாலின் கேல் என்ற பெண் விமரிசகர் இன்னும் கடுமையாக எழுதினார். வாழ்க்கையின் கசப்பை மறைத்துச் சர்க்கரையைப் பூசிய பொய் என்பது அவர் கருத்து. ஏன், அதில் தந்தையாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரே நெடுங்காலம் அப்படத்தைக் கேலி செய்துவந்தார்!

அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. படத்தின் முடிவில் அக்குடும்பம் மலையேறித் தப்பிச் செல்கிறது. உண்மையில் அவர்கள் 1938இல் ரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். உண்மை மரியா அவ்வீட்டுக்கு வந்தது ஏழு பிள்ளைகளுக்காக அன்று. நோயுற்றிருந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லித் தரவே வந்தார். விமரிசகர் காட்டிய குறைகள் பொய்யல்ல. ஆயினும் மக்கள் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தார்கள். அதுவரை வசூலில் முதலிடம் பெற்றிருந்த "கான் வித் தி விண்ட்" படத்தையே அது முந்தியது. சிறந்த படத்துக்கான பரிசு உட்பட ஐந்து ஆஸ்கார் பரிசுகளும் பெற்றது.

ஆக, கரகாட்டக்காரனைப் பார்த்து நாங்கள் சிரித்தது போலவே, எங்களுடைய படத்தைப் பார்த்தும் சிலர் சிரித்திருக்கிறார்கள்!

நம் நாட்டிலும் உண்டு

1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது "பராசக்தி". சிவாஜி கணேசன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம், வசனம் மு. கருணாநிதி. கோயில் பூசாரியைப் பற்றிய காட்சிகளால் படத்தைத் தடை செய்ய வேண்டும் என்றுகூடக் கோரிக்கை எழுந்தது. தினமணி கதிர் இதழ் "பரப்பிரம்மம்" என்று தலைப்பிட்டு வசனகர்த்தாவைக் கேலி செய்தது. அவர் சளைக்கவில்லை, அதே பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். மக்களோ அந்த நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தார்கள். இன்றும் எங்கள் தாத்தாமார் சிலர் மூச்சு விடாமல் சொல்கிறார்கள்.

"ஷோலே" என்ற இந்திப் படம் 1975 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. தொடக்கத்தில் வந்த விமரிசனங்கள் பல அதை மதிக்கவில்லை. அவ்வாண்டு பிலிம்பேர் பரிசுகளில் படத்தொகுப்புக்கு மட்டுமே ஒரு பரிசு கிடைத்தது. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. பின்னர் 2005இல் அதே பிலிம்பேர், ஐம்பது ஆண்டுகளில் தலைசிறந்த படம் என்று அதைக் கௌரவித்தது.

தலைகீழாக நடந்ததும் உண்டு. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே இயக்கிய "உன்னைப்போல் ஒருவன்" மத்திய அரசின் விருது பெற்றது. அறிந்தோர் பாராட்டினர். ஆனால், தியேட்டர்களில் அது ஓடவில்லை. பாராட்டுக் கிடைத்தும் பார்ப்பதற்கு ஆள் கிடைக்காத படம் எத்தனையோ!

இன்னொரு வேடிக்கை. ஆனந்த விகடன் இதழ் படங்களுக்கு நம் பரீட்சை போல மதிப்பெண் போட்டது. அது தந்த மிக உயர்ந்த மதிப்பெண் 1977இல் வந்த "16 வயதினிலே" படத்துக்கு, எவ்வளவு தெரியுமா? 62.5! இந்த மதிப்பெண்ணோடு நாம் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இருவரும் ஏன் மாறுபடுகிறார்கள்?

விமரிசகர் வேண்டுமென்றே வெறுப்பதில்லை. அவர் வாரந்தோறும் பல படங்கள் பார்ப்பவர். அண்ணன் தங்கைப் பாசமும், மழையில் பாட்டும், கடைசியில் சண்டையும் அவருக்கு நூறாவது முறை. அவர் பெரும்பாலும் விசில் சத்தமில்லாத சிறு அரங்கில், கையில் குறிப்பேட்டோடு பார்க்கிறார். மறுநாளே எழுதியும் கொடுக்க வேண்டும். நம் ஊர் நூற்பாலையில் ஷிப்டு முடித்து, மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர், இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்து, அடுத்திருப்பவர் சிரிக்கத் தாமும் சிரித்துப் பார்க்கிறார். திரையில் ஓடுவது ஒரே படம்தான். பார்க்கப்படுவது இரண்டு படங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற ஒருவரைக் கவனித்தோம். அவர் அதை ருசித்து உண்பதே இல்லை. பால் சரியாகச் சுண்டியதா, அடிப்பிடித்த வாடை உண்டா, சர்க்கரை மிகுந்துவிட்டதா என்றுதான் விரலால் தொட்டுப் பார்க்கிறார். ஆண்டாளைத் தரிசிக்க வந்த வெளியூர்க்காரரோ இலையிலிருந்து வழித்து உண்டு மகிழ்கிறார். இருவர் நாக்கும் பொய் சொல்லவில்லை. ஒருவர் செய்த விதத்தைப் பார்க்கிறார். மற்றவர் தமக்குக் கிடைத்ததைப் பார்க்கிறார்.

அதோடு, பார்ப்பவர் தம் ஊரையும் உள்ளே கொண்டுபோகிறார். 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய "திருமால் பெருமை" படத்தில் பெரியாழ்வாராகச் சிவாஜியும் ஆண்டாளாகக் கே. ஆர். விஜயாவும் நடித்தார்கள். அப்படத்தைப் பற்றி எங்களுள் ஒருத்தியின் பாட்டி பேசும்போது, நடிகர் பெயரையே சொல்வதில்லை. "நம்ம கோதை" என்றுதான் சொல்கிறார். எந்த விமரிசகரும் அந்தப் பாட்டியின் இருக்கையில் அமர்ந்து பார்க்க முடியாது.

மடித்த தாளில் இருந்தது

இவ்வளவும் அறிந்த பின் தோழியின் வீட்டுக்குச் சென்றோம், மன்னிப்புக் கேட்க. அவள் தாயார் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்கிறார். அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. காப்பி கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை.

"கதை இருக்கா இல்லையான்னு நான் எங்கம்மா பார்த்தேன்? எனக்கு அப்ப பதினோரு வயசு. எங்காத்தா சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யிற தறிக்குப் போவா. வீட்டுக்கு வந்தா பேசக்கூடத் தெம்பு இருக்காது. அன்னைக்குத்தான் எங்காத்தா வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்தேன். அடுத்த வருசம் போய்ச் சேர்ந்துட்டா. இப்பவும் டி.வி.யில அந்தப் படம் போட்டா எனக்கு எங்காத்தா சிரிக்கிற சத்தந்தான் கேக்குது."

அந்த மடித்த தாளில் தோழி எழுதி வைத்திருந்தது இதைத்தான்.

கங்கை அமரன் இயக்கி, இராமராஜனும் கனகாவும் நடித்து, இளையராஜா இசையமைத்த "கரகாட்டக்காரன்" 1989இல் வந்தது. மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. இராமராஜனின் கிராமத்துப் படங்களை நகரத்தில் உள்ளவர்கள் ஏளனமாகப் பேசுவது வழக்கம். ஆனால், நையாண்டி மேளமும் தலையில் கரகமும் நம் பக்கத்து அம்மன் கோயில் பொங்கலில் நாம் கண்டவை. தம் வீதியில் ஆடிய கலை பெரிய திரையில் ஆடுவதைக் கண்டவர்களுக்கு, அது தம்மையே யாரோ மதித்தது போல இருந்திருக்கும். அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய எங்களுக்கு என்ன உரிமை?

ரசிப்பது வேறு, மதிப்பிடுவது வேறு

அப்படியானால் மக்கள் விரும்பியதெல்லாம் நல்ல படமா? இல்லை. இதை எங்களுக்குச் சொன்னவளும் அதே தோழிதான். "அந்த வாழைப்பழக் காட்சியில் ஒருவர் மற்றவரை அடிப்பதும், உருவத்தைச் சொல்லி இழிவாகப் பேசுவதும் இப்போது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் படம் எனக்குப் பிடிக்கும்" என்றாள். எவ்வளவு நேர்மையான பேச்சு! பெண்களை விரட்டி விரட்டித் தொல்லை செய்வதைக் காதல் என்று காட்டும் படங்களுக்கும் கூட்டம் கூடுகிறது. அப்போது "இது தவறு" என்று எழுத ஒருவர் வேண்டும். கூட்டம் கைதட்டும்போது தனியாக நின்று மறுப்பதற்குத் துணிவு வேண்டும். ஆகவே விமரிசகரும் நமக்குத் தேவை.

நாங்கள் கண்ட முடிவு இது. ஒரு படம் பிடித்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஏன் பிடித்தது என்று நமக்கு நாமே ஒரு காரணமாவது சொல்லிப் பார்க்க வேண்டும். விமரிசனத்தைப் படம் பார்த்த பிறகு படித்தால், நாம் காணத் தவறியதை அது காட்டும். அவர் சொன்ன குறை உண்மையாயின் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகும் படத்தை விரும்பலாம். முக்கியமாக, பிறருக்குப் பிடித்ததைக் கேட்டுச் சிரிக்கும் முன் "ஏன் பிடித்தது?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மறுவாரம் தமிழ் வகுப்பில் தோழி மீண்டும் எழுந்து நின்றாள். நான்கு மடிப்பும் தெரிந்த அதே தாள்தான் கையில் இருந்தது. இம்முறை ஐந்து நிமிடம் முழுமையாகப் பேசினாள். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாழைப்பழம் என்று கத்தியவள்தான் முதலில் கைதட்டினாள்.

பிறர் மகிழ்ச்சியை மதிக்கக் கற்போம். நம் மகிழ்ச்சியை ஆராயவும் கற்போம்!